நல்லாருக்கு என்று மட்டும் சொல்லாதீர்கள்

விடிகாலை ஆறேகால். இறக்குவானை மலைப்பக்கமிருந்து இறங்கிய பனி தேயிலை நிரைகளின் மேல் படுத்துக் கிடக்கிறது. வேலை பிரிக்கும் பிரட்டுக்குப் போகும் பெண்கள் படங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டே ஒற்றையடிப் பாதையில் ஏறுகிறார்கள். முதலில் கூடை மட்டும் தெரிகிறது. பிறகு ஆள் தெரிகிறது, கால் தெரிவதில்லை. கொடகவெலயைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வளர்ந்த எங்களுக்கு இது அன்றாடக் காட்சி. ஒரு நாள் நின்று, போனை எடுத்து, படம் பிடித்தேன். திரையில் வந்தது வேறு ஏதோ. பனி முழுக்க அடுப்புப் புகை போல மங்கிய சாம்பல். பெண்கள் கரித்துண்டுகள்.

படத்தை நண்பனிடம் காட்டினேன். முச்சக்கரவண்டி ஓட்டுகிறவன், எனக்கு முன்பே இந்தக் கமராப் பைத்தியம் பிடித்தவன். நல்லாருக்கு என்றும் சொல்லவில்லை, மோசம் என்றும் சொல்லவில்லை. "பனி என்ன நெறத்துல இருந்துச்சு?" என்று கேட்டான்.

"வெள்ள."

"படத்துல?"

என்னிடம் பதில் இல்லை. அந்த ஒரு கேள்விதான் எனக்குக் கிடைத்த முதல் பாடம்.

கமராவுக்குப் பனி என்றால் என்னவென்று தெரியாது, சோறு என்றால் என்னவென்றும் தெரியாது. முன்னால் இருப்பது எதுவானாலும், எல்லாவற்றையும் கூட்டிக் கலந்தால் ஒரு நடுத்தரச் சாம்பல் வரும் என்ற கணக்கில்தான் அது வெளிச்சத்தை அளக்கிறது. விழும் ஒளியில் ஏறத்தாழ 18 வீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அது. வெள்ளைப் பனியைக் காட்டினால் வெளிச்சம் கூடிவிட்டது என்று நினைத்துக் குறைத்துவிடும். கறுப்பு ஆட்டைக் காட்டினால் இருட்டு என்று நினைத்துக் கூட்டிவிடும். பனியைப் பனியாக எடுக்க வேண்டுமானால் கமராவின் கணக்கைக் கையால் திருத்தி, வெளிச்சத்தை ஒரு படி கூட்ட வேண்டும். போனில் அந்தப் பெண்களின் மேல் விரலை வைத்தால் பக்கத்தில் ஒரு சின்னச் சூரியன் வரும். அதை மேலே தள்ளினால் போதும். புத்தகத்தில் இதை நாலு வரியில் எழுதிவிடலாம். எனக்குப் புரிய ஏழெட்டுக் காலைகள் பிடித்தன. ஒரு நாள் மிகையாகத் தள்ளி, பனியோடு மலையும் காணாமல் போனது. இன்னொரு நாள் எல்லாம் சரியாக வந்தது, பெண்கள்தான் கடந்து போய்விட்டார்கள்.

இந்தப் பக்கத்தில் வெளிச்சத்துக்கு அவசரம் அதிகம். நாங்கள் பூமத்திய ரேகைக்கு ஆறரைப் பாகை வடக்கே இருக்கிறோம். ஐரோப்பாவில் சூரியன் சாய்வாக, மெதுவாக எழும். இங்கே கிட்டத்தட்ட நேர்செங்குத்தாக ஏறும். படக்காரர்கள் ஆசைப்படும் அந்த மஞ்சள் வெளிச்சம் நமக்குத் தருவது இருபத்தைந்து நிமிடம், அவ்வளவே. பிறகு வெயில் தலைக்கு மேலே வந்து கண்ணுக்குக் கீழே குழி விழச் செய்யும்.

முழுநிலாப் போயா விடுமுறை நாட்களில் நாங்கள் நாலைந்து பேர் ஒன்றுகூடுகிறோம். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் கலந்த கூட்டம். தொடக்கத்தில் ஒருவர் படத்தை ஒருவர் பார்த்து "நல்லாருக்கு" என்போம், சிங்கள நண்பர் "லஸ்ஸனய்" என்பார். இரண்டு சொல்லும் ஒரே வேலையைத்தான் செய்தன: காட்டியவரைச் சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்பி, அடுத்த வாரமும் அதே பிழையோடு வர வைத்தன. ஆறு மாதம் இப்படிப் போன பிறகு ஒரு முடிவுக்கு வந்தோம். சரியாக வந்த படத்தைக் கொண்டு வர வேண்டாம். சரியாக வராத படத்தைக் கொண்டு வாருங்கள். ஏன் வரவில்லை என்று எல்லோரும் சேர்ந்து தேடுவோம்.

இதை நாங்கள் கண்டுபிடித்ததாக நினைத்திருந்தேன். எங்களுக்கு நூற்றைம்பது வருடம் முன்பே ஓர் அம்மையார் இதைச் செய்திருக்கிறார். அவருடைய கல்லறை எங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

பொகவந்தலாவையில் உறங்கும் கமராக்காரி

பலாங்கொடையிலிருந்து மலையேறும் பாதையொன்று பொகவந்தலாவையில் போய் முடிகிறது. அங்கே புனித மரியாள் தேவாலயத்து வளவில் ஜூலியா மார்கரெட் கமரனும் அவர் கணவரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். கணவர் சார்ள்ஸ் ஹே கமரன். பாடசாலை வரலாற்றுப் பாடத்தில் 1833ஆம் ஆண்டு கோல்புறூக்–கமரன் சீர்திருத்தம் என்று மனப்பாடம் செய்தோமே, அந்தக் கமரன் இவர்தான். மனைவியைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் ஒரு வரி கூட இல்லை. உலகப் புகைப்பட வரலாற்றிலோ அந்த மனைவியின் பெயர்தான் முதல் வரிசையில் நிற்கிறது.

ஜூலியா 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். அவர் கையில் முதன்முதலாகக் கமரா வந்தது 1863 டிசம்பரில், நாற்பத்தெட்டாவது வயதில். மகளும் மருமகனும் கொடுத்த பரிசு. யாரிடமும் முறையாகப் பயிலவில்லை. இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்த வீட்டில் கோழிக்கூட்டைக் கண்ணாடி அறையாக்கினார், நிலக்கரி வைக்கும் இடத்தை இருட்டறையாக்கினார். அந்தக் காலத்தில் படம் எடுப்பது லேசுப்பட்ட வேலை கிடையாது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி உப்பில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படத்தை எடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவியும் முடிக்க வேண்டும். சில நிமிடங்கள் பிந்தினாலும் தகடு வீண். கை விரலெல்லாம் கறை. முகம் சற்று அசைந்தால் படம் கலங்கும். அவருடைய தகடுகளில் தூசி, கீறல், விரல் தடம், பாதி உரிந்த பூச்சு எல்லாம் உண்டு.

அந்தக் காலத்துப் புகைப்படச் சங்கத்தார் இதையெல்லாம் குறை என்று எழுதினார்கள். தெளிவில்லை, கை சுத்தமில்லை என்றார்கள். ஜூலியா அந்தக் குறையைக் கேட்டு அழவும் இல்லை, கேளாமலும் விடவில்லை. எதைக் குறை என்கிறீர்கள், எது சரியான தெளிவு என்பதை யார் தீர்மானிப்பது என்று வானியல் அறிஞர் ஜோன் ஹேர்ஷலுக்குக் கடிதம் எழுதினார். ஹேர்ஷல் சாதாரண ஆள் இல்லை. படத்தைக் கலையாமல் நிலைநிறுத்தும் ஹைப்போ உப்பின் குணத்தை 1819இலேயே கண்டறிந்தவர். ஜூலியாவுக்கு 1836 முதல் பழக்கம்.

இன்னொரு துணை, ஓவியர் ஜோர்ஜ் பிரெடரிக் வாட்ஸ். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இவரோடு சேர்ந்ததுதான். ஜூலியாவின் படங்கள் பல லண்டனின் விக்டோரியா அண்ட் அல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒரு தொகுதி வாட்ஸிடம் இருந்தது என்று பிற்காலத்தில் தெரியவந்தது. அந்தத் தொகுதியில் கோளாறான படங்களும் உண்டு. பெரும்பாலானவை வேறெங்கும் பிரதி இல்லாதவை, அவருக்கே முழுத் திருப்தி தராதவையாக இருக்கலாம். நன்றாக வந்ததைக் கண்காட்சிக்கு அனுப்பினார். சரியாக வராததைக் கண் தெரிந்த நண்பரிடம் கொடுத்தார். போயா நாளில் எங்கள் ஆட்களிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மங்கலான படத்தை வெளியே எடுக்க அதுவரை கூச்சப்பட்ட, எங்கள் கூட்டத்து ஆசிரியை ஒருவர் அன்று தன் போனை நீட்டினார்.

பெயரில்லாத முகங்கள்

1875இல் கமரன் தம்பதியர் இலங்கைக்கு வந்து குடியேறினார்கள். அவர்களுக்கு இங்கே தோட்டங்கள் இருந்தன. களுத்துறையிலும் திக்கோயாப் பக்கத்திலும் வாழ்ந்து, 1879 ஜனவரியில் ஜூலியா காலமானார். இங்கே அவர் எடுத்தவற்றுள் முப்பதுக்கும் குறைவான படங்களே இன்று எஞ்சியிருக்கின்றன. களுத்துறைக் கிராமத்து மக்களும் தோட்டத்து ஆட்களும் அவற்றில் இருக்கிறார்கள். மரத்தடியில் நிற்கும் பெண், குடத்தோடு ஒருத்தி, துணி போர்த்திய முதியவர். ஜூலியாவின் பார்வையில் ஏளனம் கிடையாது. கிட்டே போய், கண்ணைப் பார்த்து எடுத்த படங்கள். கரிய முகத்தில் வெளிச்சம் எப்படி வழுக்கி இறங்குகிறது என்பதை அறிய இன்றும் அவற்றை எடுத்துவைத்துப் படிக்கலாம்.

ஆனால் ஒன்று என் மனதை விட்டுப் போவதில்லை. இங்கிலாந்தில் அவர் எடுத்த டெனிசன், டார்வின், ஹேர்ஷல் எல்லோருக்கும் பெயர் உண்டு. வீட்டில் வேலை செய்த மேரி ஹிலியருக்கும் உண்டு. இலங்கையில் எடுத்த முகங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் இல்லை. பிறகு வந்த காலமும் அதே பாதையில்தான் போனது. 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளேட் நிறுவனம் போன்றவை அச்சிட்ட தபாலட்டைகளில் கொழுந்து பறிக்கும் பெண் உலகமெங்கும் போனாள். தேயிலைப் பெட்டியில் போனாள், கப்பல் கம்பனி விளம்பரத்தில் போனாள். சிரித்த முகத்தோடு, மூக்குத்தியோடு, பெயர் இல்லாமல். அந்தப் படங்களில் ஒன்றாவது அவள் கைக்குத் திரும்பி வந்திருக்குமா?

தோட்டத்து வரிசை அறைகளான எங்கள் லயங்களில் போட்டோ எப்படி இருந்தது என்று பெரியவர்களைக் கேட்டால் தெரியும். பலருக்கு வாழ்க்கையில் எடுத்த முதல் படமே அடையாள அட்டைக்கு எடுத்ததுதான். அதற்கு முன் என்றால் 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போகக் கடவுச்சீட்டுக்கு எடுத்தது. இரண்டிலும் சிரிக்கக் கூடாது. ஆள் இறந்தால் அதே படத்தை இரத்தினபுரிக்கோ எம்பிலிப்பிட்டியவுக்கோ கொண்டுபோய்ப் பெரிதாக்கி, மாலை போட்டுச் சுவரில் மாட்டுவார்கள். அதனால்தான் எங்கள் சுவர்களில் தாத்தாக்கள் எல்லோரும் ஏதோ பிழை செய்து அகப்பட்டவர்கள் போல நேரே முறைத்துப் பார்க்கிறார்கள். கல்யாணப் படம் வைத்திருந்த சில வீடுகளிலும் அது நிலைக்கவில்லை. 1977, 1981, 1983 என்று சப்ரகமுவத் தோட்டங்களில் தமிழர் மேல் அடி விழுந்தபோது காட்டுக்குள் ஓடியவர்கள் குழந்தையைத் தூக்கினார்கள், ஆல்பத்தைத் தூக்கவில்லை.

2023இல் மலையக மக்கள் இந்த மண்ணுக்கு வந்து இருநூறு வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். இருநூறு வருடத்தில் எங்களை எடுத்த படங்கள் ஏராளம், நாங்கள் எடுத்தவை சொற்பம். இன்று லயத்துக்கு லயம் கமரா உள்ள போன் இருக்கிறது. அதனால் நாங்கள் இதைப் பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொண்டாலும், விளையாட்டாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

கறுப்பை எடுக்கப் பழகுதல்

ஆசிரியை நீட்டிய படம் அவருடைய தங்கையுடையது. ஆடித் திருவிழாவில் எடுத்தது. கலங்கல் இருந்ததுதான். அதைவிடப் பெரிய கோளாறு ஒன்றை முச்சக்கரவண்டிக்காரன் கண்டான். "ஒங்க தங்கச்சி இவ்வளவு வெள்ளையா டீச்சர்?" பிள்ளை நல்ல கறுப்பு, மினுமினுக்கும் கறுப்பு. போன் தானாகவே முகத்தைத் தேய்த்து வெளுத்திருந்தது. அழகுபடுத்தும் அமைப்பு யாரும் கேளாமலே வேலை செய்துகொண்டிருந்தது.

இந்த நோய் போனோடு பிறந்ததில்லை. கொடாக் நிறுவனம் கலர் பிலிமைக் கழுவி அச்சிடும் கடைகளுக்கு நிறம் சரிபார்க்க ஓர் அட்டையை அனுப்பி வந்தது. அதில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி இருப்பாள். 'ஷேர்லி அட்டை' என்றே அதற்குப் பெயர். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. கரிய முகங்களில் கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தது ஏன் என்று வெகுகாலம் யாரும் கேட்கவில்லை. சொக்கலேட் விற்பவர்களும் மரத் தளபாடம் செய்பவர்களும் தங்கள் பண்டத்தின் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று முறையிட்ட பிறகே பிலிமில் திருத்தம் தொடங்கியது. பல நிறத்து மனிதர்கள் உள்ள அட்டை 1990களில்தான் வந்தது. படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

அதனால் எங்கள் கூட்டத்தில் முதல் வேலை, புதிதாக வருகிறவரின் போனில் அந்த அமைப்பை நிறுத்துவது. இரண்டாவது, கரிய முகத்தை வெட்டவெளி வானத்துக்கு முன்னால் நிறுத்தாமல் இருக்கப் பழகுவது. லயத்து வாசலில், உள்ளே ஒரு முழம் தள்ளி உட்காரவைத்தால் வெளிச்சம் பக்கத்திலிருந்து வரும். கன்ன எலும்பில் ஒரு கோடு விழும். பின்னால் இருட்டு. அந்த இருட்டில் கறுப்பு எத்தனை விதம் என்று தெரியும். காசு கொடுத்து விளக்கு வாங்க வேண்டியதில்லை. எட்டுக்குப் பத்தடி லயத்து அறைக்கு ஒரே வாசல் என்பது குடியிருக்கச் சாபம், படம் எடுக்க மட்டும் நல்ல வெளிச்சம்.

இறப்பர் மலையில் வேறு தொல்லை. இலை வழியாக வரும் வெளிச்சம் முகத்தைப் பச்சையாக்கும். கொடகவெல, கஹவத்தைப் பக்கம் தேயிலையும் இறப்பரும் கலந்துதான் கிடக்கின்றன. பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன்பே போவார்கள். இரவில் மரத்துக்குள் பாலின் அழுத்தம் கூடி நிற்கும். வெயில் ஏறி இலை வேர்க்கத் தொடங்கினால் அழுத்தம் குறைந்து பால் வடிவது தளரும். ஆகவே நெற்றியில் ஒரு விளக்கு, கையில் வெட்டுக்கத்தி, சுற்றிலும் இருட்டு. இதைப் படமெடுக்க நான் பட்ட பாடு சொல்லி முடியாது. கமராவின் ஒளியுணர்வை, அதாவது ஐ.எஸ்.ஓவைக் கூட்டினால் படம் முழுக்க மணல் தூவியது போலப் புள்ளி. ஷட்டரை மெதுவாக்கினால், பதினைந்தில் ஒரு பங்கு வினாடியில், மரம் தெளிவாக இருக்கும், ஆள் பேய் போல இழுபடுவார். விளக்கு வெளிச்சத்தில் பால் கோடு வெள்ளையாக எரிந்து போகும்.

வழி சொன்னவர் கமராவைத் தொட்டே பார்க்காதவர், நண்பனின் தாயார், முப்பது வருடம் பால் வெட்டியவர். என் கலங்கிய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "கத்தி ஓடுறப்ப எடுக்குற. பட்டையில எடது பக்கம் மேலேருந்து வலது பக்கம் கீழ வந்து, பீலிகிட்ட நிக்கும் பாரு, அப்ப எடு" என்றார். வெட்டு முடியும் அந்த இடத்தில் கை ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்துக்குப் பதினைந்தில் ஒரு பங்கு வினாடி தாராளம். மரத்தில் தோளைச் சாய்த்து, மூச்சை அடக்கி, காத்திருந்து எடுத்தேன். சிரட்டையில் விழும் முதல் சொட்டும் வந்தது.

பிலிம் காலமாக இருந்தால் இத்தனை முயற்சிக்கு வழியில்லை. ஒரு சுருளுக்கு முப்பத்தாறு படம். கழுவ ஒரு காசு, அச்சிட இன்னொரு காசு, வந்து சேர ஒரு வாரம். வந்து சேர்வதற்குள் எந்தப் படத்துக்கு என்ன செய்தோம் என்பது மறந்திருக்கும். டிஜிட்டல் கமரா தந்த பெரிய வரம் இதுதான்: பிழைக்குக் காசில்லை, பிழையின் கணக்கும் படத்துக்குள்ளேயே இருக்கிறது. ஷட்டர் எத்தனை, துவாரம் எத்தனை, ஐ.எஸ்.ஓ எத்தனை, எடுத்த நேரம் என்ன எல்லாம் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். நண்பரின் படத்தை வைத்துக்கொண்டு "எப்படி எடுத்தாய்" என்று கேட்க வேண்டியதில்லை, "ஏன் இப்படி எடுத்தாய்" என்று கேட்கலாம். முதல் டிஜிட்டல் கமராவைக் கொடாக் நிறுவனத்தில் இருந்த ஸ்டீவன் சாசன் செய்து முடித்தது 1975 டிசம்பரில். ஜூலியா இந்தத் தீவில் கால் வைத்துச் சரியாக நூறு வருடம். பத்தாயிரம் புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் கசெட் நாடாவில் பதிய 23 வினாடி எடுத்ததாம். இன்று தோட்டத்துப் பிள்ளையின் சட்டைப் பையில் இருப்பது அதன் பேரப்பிள்ளை.

கமரா எதுவானாலும் யார் எடுக்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியம். மதுரைப் பக்கம் ஜவஹர்லால்புரத்தைச் சேர்ந்த எம். பழனிகுமார் மீன் விற்று வளர்த்த தாயின் மகன். கடன்பட்டு வாங்கிய கமராவால் தன் தாயின் உழைப்பையும், துப்புரவுத் தொழிலாளரின் சாவு வீடுகளையும் எடுத்தவர். 2022இல் தயாநிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருதின் முதல் விருதைப் பெற்றார். அவர் அந்தத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கும் மீனவப் பிள்ளைகளுக்கும் கமராவைக் கொடுத்துப் பழக்குகிறார். நம் தோட்டங்களுக்கு அப்படி யாராவது வந்தால் நல்லது. வரும்வரை நாங்கள் ஒருவருக்கொருவர் வாத்தியார்.

குறை சொல்வதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். எங்கள் கூட்டத்தில் எடுத்தவர் முதலில் வாயைத் திறக்கக் கூடாது. பார்ப்பவர்கள், தங்கள் கண் முதலில் எங்கே போனது என்று சொல்ல வேண்டும். நான் ஒரு பிள்ளையின் சிரிப்பை எடுத்ததாக நினைத்திருப்பேன். மூன்று பேர் கண்ணும் பின்னால் காயும் சிவப்புத் துணிக்குப் போயிருக்கும். விவாதம் தேவையே இல்லை, அடுத்த முறை இரண்டடி தள்ளி நிற்பேன். ஆளைச் சொல்லக் கூடாது, படத்தைச் சொல்லலாம். சிங்கள நண்பருக்குத் தமிழ் ஓடாத இடத்தில் விரலால் திரையைத் தொட்டுக் காட்டுவார், அதுவே போதும். ஒரு முறை கடுமையாகப் பேசிவிட்டோம், ஒரு பையன் இரண்டு மாதம் வரவில்லை. அந்தப் பிழை எங்களுடையது. வீடு தேடிப் போய்க் கூட்டி வந்தோம்.

இப்போது படங்களை அச்சிடவும் தொடங்கியிருக்கிறோம். திரையில் தெரியாத பிழை தாளில் தெரிகிறது. அதோடு, படத்தில் இருப்பவருக்கு ஒரு பிரதி கொடுத்தே தீர வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறோம்.

அப்படித்தான் ஓய்வு பெற்ற பாட்டி ஒருவரிடம் படம் கொண்டு போனேன். நாலுக்கு ஆறு அங்குலம். வாசல் வெளிச்சம், கன்னத்தில் கோடு, பின்னால் இருட்டு, நான் பழகியது எல்லாம் அதில் இருந்தது. கூட்டத்திலும் யாரும் குறை சொல்லவில்லை. பாட்டி வெகுநேரம் பார்த்தார். படத்தைத் திருப்பி, அடியில் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்பது போலத் தடவினார்.

"மூஞ்சி சரியாத்தான் இருக்கு தம்பி. கை எங்க?"

"முகத்த மட்டுந்தான் எடுத்தேன் பாட்டி."

"நாப்பது வருசம் கொழுந்து எடுத்தது மூஞ்சியா?"

அடுத்த ஞாயிறு போய், அதே வாசலில், மடியில் கையை வைத்து உட்காரச் சொல்லி எடுத்தேன். கொழுந்துக் கறை ஏறி வெடித்த ஆட்காட்டி விரலும் கட்டைவிரலும் முகத்துக்குச் சமமாகத் தெரிந்தன. அச்சிட்டுக் கொண்டு போனபோது கொஞ்சம் பார்த்துவிட்டு, பின்பக்கம் பெயரை எழுதச் சொன்னார். எழுதினேன். எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, நடுவில் ஓர் எழுத்தைக் காட்டி அது வேறு எழுத்து என்றார். அடையாள அட்டையிலும் அந்த எழுத்துப் பிழையாகத்தான் இருக்கிறதாம்.

"இதுலயாச்சும் சரியா எழுது தம்பி" என்றார்.